ஏறும் எஞ்சினும் இறங்கும் பிரேக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஜீப் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுள் சிலருக்குத் தேர்தல் நினைவுக்கு வரலாம். சிலருக்குப் போலீசு நினைவுக்கு வரலாம். திரைப்படம் தவறாமல் பார்க்கும் நண்பர்களுக்கு வில்லனின் அடியாட்கள் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் வீட்டு உலை. அந்த உலை கொதித்ததும், நான் இக்கல்லூரியின் படியேறியதும் ஒரு பழைய ஜீப்பின் ஓட்டத்தினால்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இதை எழுதுபவன் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவது சரியா, தவறா? விடுதியில் ஒரு நாள் இரவு இந்தப் பேச்சு எழுந்தது. “அதுதான் நம் பட்டறைக்காரர்களின் திறமை!” என்றான் ஒருவன். “அது திருட்டு வண்டி, ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று, வண்டிக்குள் ஒன்று” என்றான் மற்றொருவன். நான் அன்று வாய் திறக்கவில்லை. இருவர் சொன்னதும் பாதி உண்மை என்பதே என் கருத்து. திறமைதான், ஐயமில்லை. ஆனால் மலை ஏறுவதற்காக எஞ்சினை மாற்றிய நாம், மலை இறங்குவதற்காகப் பிரேக்கை மாற்றவில்லை. செய்ததை மறைத்து வைத்தோம்; மறைத்து வைத்ததனால் அதைச் சோதித்துக் குறை சொல்ல எவரும் இல்லாமற் போயினர். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும்.

மலையை அறியாத நண்பர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் அடியிலிருந்து நாலாயிரம் அடி வரை உயரம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவு. சேலம் மாவட்டத்துப் பக்கம் கருமந்துறை. நம் பக்கம் வெள்ளிமலை. 1976-ஆம் ஆண்டில் அரசு எடுத்துக்கொள்ளும் வரையில் ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. “உங்களுக்கெல்லாம் 1947-ல் சுதந்திரம், நமக்கு 1976-ல்” என்று என் தாத்தா சொல்வாராம். மரவள்ளி, சாமை, கடுக்காய், புளி எல்லாம் மேலேயிருந்து கீழே இறங்க வேண்டும். உப்பு, உரம், மாத்திரை எல்லாம் கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டினால் மலைப்பாதை. தார்ச்சாலை ஓரத்து ஊர்களுக்குப் பேருந்து உண்டு. சாலையிலிருந்து ஒதுங்கிய சிற்றூர்களுக்கு, மழை பெய்த மறுநாள் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றுதான் வரும்.

அந்த வண்டி இங்கே எப்படி வந்தது என்பது ஒரு பெரிய கதை. 1941-ல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் கம்பெனி செய்யத் தொடங்கிய வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிசும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கும் மேல் செய்து குவித்தன. நம் நாட்டில் 1945-ல் ‘மகிந்திரா அண்டு முகமது’ என்ற பெயரில் தொடங்கி, 1948-ல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆன கம்பெனி, முதலில் உறுப்புகளை வரவழைத்துக் கோத்து விற்று, பின்னர் இங்கேயே செய்தது. சி.ஜே. 3பி என்பது அதன் பெயர். முன்மூடி சற்று உயர்ந்து நிற்கும். உள்ளே இருந்த ‘ஹரிக்கேன்’ என்னும் பெட்ரோல் எஞ்சின் உயரமானது என்பதே அதற்குக் காரணம். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 72 குதிரைத்திறன். நல்ல எஞ்சின். ஆனால் பெட்ரோலைக் குடிக்கும்!

1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, சில மாதங்களிலேயே உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை நான்கு மடங்கு ஆயிற்று. நம் நாட்டில் டீசல் உழவுக்கும் சரக்கு லாரிக்கும் வேண்டியது என்பதால் அதன் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. கம்பெனிக்கே புத்தி வந்தது. டிராக்டருக்காகச் செய்துகொண்டிருந்த இண்டர்நேஷனல் டீசல் எஞ்சினை 1970-களின் நடுவில் ஜீப்பில் வைத்து விற்றது. 1980-களில் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ டீசல் எஞ்சினை வைத்தது. இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் 1957-லேயே டீசலில் வந்துவிட்டது. ஆகவே ஜீப்பில் டீசல் எஞ்சின் என்பது ஏதோ பட்டறையில் பிறந்த குறும்பு அன்று. கம்பெனி புதிதாகச் செய்ததை, ஏற்கனவே பெட்ரோல் ஜீப் வைத்திருந்த ஏழை, பழைய எஞ்சின் வாங்கித் தானும் செய்துகொண்டான்.

என் தந்தையும் செய்தார். எங்கள் வண்டி 1960-களின் கடைசியில் பதிவானது. எத்தனையோ கை மாறி அவரிடம் வந்தது. 2013-ல், நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாயை ஒட்டிய இடைவெளி. எங்கள் வண்டி மலைப்பாதையில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. சுமாராக நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருகிற கூலியில் பாதிக்கு மேல் பெட்ரோல் பங்கிலேயே போய்விடும்.

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெஜோ எஞ்சின் லாரியில் வந்து இறங்கியது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பட்டறை. பட்டறை என்றால் நாலு தகரம், ஒரு வேப்பமரம். எனக்குக் கோடை விடுமுறை. பதினொரு நாள் அங்கேயே கிடந்தேன்.

அந்தப் பதினொரு நாளில் நான் கண்டதைப் போன்ற செய்முறைப் பாடத்தை இன்றுவரை வேறெங்கும் கண்டதில்லை. பழைய எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் மரக்கிளையிலிருந்து தூக்கினார்கள். புதியதன் காலும் சேஸிசின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரும்புத் தகடு வெட்டிப் புதிய மவுண்டிங் செய்தார்கள். எஞ்சினையும் கியர்பாக்சையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கில்தான் உயிர் இருக்கிறது. எஞ்சினின் தண்டும் கியரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் அரைக்கும், பேரிங் உடையும். அந்த மேஸ்திரி எட்டாம் வகுப்புத் தாண்டாதவர். டயல் கேஜை வைத்துத் தண்டைக் கையால் சுற்றிச் சுற்றி, முள் அசையாது நிற்கும் வரையில் ஒரு பகல் முழுவதும் குனிந்தே இருந்தார். சோறு வந்தது, ஆறிப் போனது. “ஊசி ஆடுதுன்னா வண்டி ஆடும் தம்பி” என்றார் என்னிடம். நுண்ணளவி வைத்து ஒரு கம்பியின் விட்டத்தை மூன்று முறை அளந்துவிட்டு, மூன்றும் வேறு வேறாக வந்ததும் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதும் நாம், அவர்முன் எம்மாத்திரம்!

ரேடியேட்டரை மாற்றினார்கள், எரிபொருள் தொட்டியைக் கழுவி டீசல் வடிகட்டி வைத்தார்கள், குளிரில் கிளம்புவதற்கு ஹீட்டர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்தார்கள், சைலன்சரை வளைத்தார்கள். புதிய எஞ்சின் கனமானது. முன்பக்கத்து வில் இரண்டு விரற்கடை தாழ்ந்துவிட்டது. அதற்கு ஒரு பட்டை கூட்டினார்கள்.

பிரேக்கை யாரும் தொடவில்லை. அது வேலை செய்துகொண்டுதானே இருந்தது!

பன்னிரண்டாம் நாள் மலை ஏறினோம். எஞ்சின் தடதடவென்று அதிர, கண்ணாடியெல்லாம் நடுங்க, ஒன்பது பேரும் நான்கு மூட்டையும் ஏறிய வண்டி முக்கி முனகாமல் போயிற்று. அப்பா அன்று பாட்டுப் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தது. நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அம்மாவின் தோடு அடகிலிருந்து மீண்டது. என் பள்ளிக்கூடப் பை மாறியது. டீசல் எஞ்சினைப் பழிப்பவர் எவராயினும் இந்த முந்நூறு ரூபாய்க்கு முதலில் விடை சொல்லிவிட்டுப் பழிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பும் ஒரு கருத்து உண்டு: ‘டீசலுக்கு இழுவை அதிகம், அதனால்தான் மாற்றுகிறோம்’ என்று. நானும் நம்பினேன். இங்கே வந்து முறுக்குவிசை என்றால் என்னவென்று படித்த பிறகு கையேட்டு எண்களைத் தேடிப் பார்த்தேன், திடுக்கிட்டுப் போனேன். பழைய ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். எங்கள் பெஜோ டீசலுக்கு 120-ஐ ஒட்டித்தான்! குதிரைத்திறனும் 72-க்கு 62 தான். டிராக்டர் எஞ்சினை வைத்தவர்கள் கதை வேறு. பெஜோ வைத்தவர்களுக்கு இழுவை கூடவில்லை, குறைந்திருக்கிறது. குறைந்தும் எப்படி ஏறுகிறது? கியரினால் ஏறுகிறது. முதல் கியர் 2.8, தாழ்நிலைக் கியர் 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சினின் முறுக்கு முப்பத்தேழு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. எந்த எஞ்சினாக இருந்தால் என்ன, அந்த மலை ஏறாதா? எங்களுக்கு இழுவைப் பஞ்சம் ஒரு நாளும் இருந்ததில்லை. பணப் பஞ்சம்தான் இருந்தது.

டீசல் ஏன் குறைவாகக் குடிக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, அது காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்குகிறது. பழைய பெட்ரோல் எஞ்சின் ஏழு மடங்குதான் அமுக்கியது. மற்றொன்றுதான் என் கட்டுரைக்கு வேண்டியது. பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரில் ஒரு தடுக்கு இருக்கிறது. பட்டறையில் ‘பட்டர்பிளை’ என்பார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது மூடிக்கொள்கிறது; பிஸ்டன் காற்றுக்குத் திணறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுப்பது போல! அந்தத் திணறலில் எரிபொருள் வீணாகிறது. எங்கள் டீசல் எஞ்சினில் அந்தத் தடுக்கு இல்லை. காற்று தாராளமாகப் போகிறது. டீசலின் அளவு மட்டும் கூடுகிறது, குறைகிறது. ஆகவே மிச்சம்.

ஆனால் இறக்கத்தில் என்ன ஆகிறது? காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சின் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. டீசலில் அமுக்கப்பட்ட காற்று, அமுக்கிய சுருள்வில் திரும்பத் தள்ளுவது போல, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உராய்வு மட்டும்தான் பிடிக்கிறது. எந்தக் குணம் டீசலை மிச்சப்படுத்தியதோ அந்தக் குணமே இறக்கத்தில் பிடிப்பையும் குறைத்துவிட்டது! பெரிய லாரிகளில் புகைக்குழாயை அடைத்துப் பிடிக்கும் எக்சாஸ்ட் பிரேக் வைப்பது இதற்காகத்தான். எங்கள் ஜீப்புக்கு ஏது அது?

என் தந்தைக்கு இது தெரியாது என்று எண்ணாதீர்கள். முதல் நாள் இறங்கும்போதே, “பழசு பிடிச்ச மாதிரி இது பிடிக்கலடா” என்றார். காலால் அறிந்தார். அதற்குப் பெயர்தான் அவருக்குத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் கேட்டார், “ஓட ஓடச் சரியாப் போயிரும்” என்றார் அவர். ஒன்பது ஆண்டுகள் ஓடியது.

2022-ஆம் ஆண்டு மழைக்காலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு. வாரச் சந்தைக்குப் புளி மூட்டையுடன் எட்டுப் பெண்கள். பாதை ஈரம், அதனால் அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினார். மூன்றாவது வளைவுக்கு முன்பே கருகல் வாடை வந்தது என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். மிதித்தார், பெடல் பலகை வரையில் இறங்கியது, வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்மேடு. வலப்பக்கம் திருப்பி மேட்டில் மோதி நிறுத்தினார்.

யாரும் சாகவில்லை. இதை எழுதும்போது என் கை நின்று மறுபடி எழுதுகிறது. ஒரு அத்தைக்குக் கை முறிந்தது. இன்னும் அந்தக் கையால் குடம் தூக்க மாட்டார். காப்பீடு? ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், வண்டிக்குள் டீசல். கேட்கவே போகவில்லை. இரண்டு ஆட்டையும் அம்மாவின் தோட்டையும் விற்று மருத்துவச் செலவு கொடுத்தோம். முந்நூறு முந்நூறாகச் சேர்த்தது ஒரே வளைவில் போயிற்று.

முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் தன்வெப்ப ஏற்புத்திறன் சோதனை செய்துகொண்டிருந்தபோது எனக்கு அந்த வளைவு நினைவுக்கு வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஆளும் மூட்டையும் சேர்த்து வண்டி 1500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 88 இலட்சம் ஜூல். அந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. எஞ்சின் பிடிக்காத பங்கெல்லாம் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். 88 இலட்சம் ஜூல் என்றால் எவ்வளவு? இருபத்தாறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அம்மா சுமக்கும் குடத்தில் இரண்டு குடம். ஒன்பது அங்குல டிரம் நான்கில் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பார்த்தோம் நாங்கள், ஒவ்வொரு நாளும்! டிரம் சூடேறி விரிகிறது, லைனிங் வழுக்குகிறது, பிரேக் எண்ணெய் ஈரம் குடித்துப் பழையதாக இருந்தால் அதுவும் கொதித்து, குழாயில் ஆவி நிற்கிறது, பெடல் பலகை வரை போகிறது. அதோடு பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஓரிடத்தில் போனால் நான்கும் போயிற்று.

பெரிய டிரம் பிற்பட்ட ஜீப்புகளில் வந்துவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள மாஸ்டர் சிலிண்டரும் கடையில் கிடைக்கிறது. தாழ்நிலைக் கியரில் போட்டு இறங்கினாலே பாதிச் சூடு குறையும். ஆனால் அது மெதுவாகப் போகும், டீசல் கொஞ்சம் கூடும், இரண்டு நடை குறையும். எஞ்சினுக்கு ஆன செலவில் ஆறில் ஒரு பங்குகூடப் பிரேக்குக்கு ஆகியிருக்காது. “ஏன் அப்பா அன்றைக்கே மாற்றவில்லை?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “எஞ்சின் மாத்தினா தினமும் முந்நூறு ரூபா தருது. பிரேக்குக்கு எவன்டா கூலி குடுக்கறான்?” என்றார். இதற்கு என் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல நான் யார்? கை முறிந்த அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அதே சட்டம், எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்ற விரும்பினால், அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியைப் பொருத்த வழி வைத்திருக்கிறது. பிரிட்டனில் எஞ்சினை மாற்றினாலும் எரிபொருளை மாற்றினாலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் ‘டீசலுக்கு மாற்றப்பட்டது’ என்று முத்திரை குத்திய பழைய புத்தகம் ஒன்றை அப்பாவின் நண்பரிடம் நானே பார்த்திருக்கிறேன். மாற்றியதைச் சொல்ல வழி இருந்தால் சொல்லுவான். சொன்னால் ஒருவர் வந்து பார்ப்பார். பார்ப்பவர் பிரேக்கையும் பார்ப்பார். வழி இல்லாவிட்டால் மாற்றுவதை அவன் நிறுத்துகிறானா? மறைக்கிறான், அவ்வளவுதான். சட்டத்துக்குப் பயந்தவன் மறைத்ததனால், மலைக்குப் பயப்பட மறந்தான்.

பிலிப்பைன்சு நாட்டைப் பாருங்கள். போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணம் தீட்டி, ‘ஜீப்னி’ என்று பெயரிட்டு ஊர்ப் பேருந்தாக ஆக்கிக்கொண்டார்கள். பின்னால் ஜப்பானின் பழைய டீசல் எஞ்சின்களை அவற்றில் வைத்தார்கள். எங்கள் மேஸ்திரியின் அண்ணன் தம்பிகள் அங்கேயும் இருக்கிறார்கள் போலும்! 2017-ல் அந்நாட்டு அரசு பழையவற்றை நீக்கிப் புதிய வண்டிகளைக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியபோது ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புது வண்டியின் விலை அவர்களுக்கு எட்டாதது. அந்த வழக்கு யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயது போதாது.

இந்த இடத்தில் ஒரு வகை நண்பர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நகரத்தில் சிலர் பழைய ஜீப்பை வாங்கி, ஆளுயரச் சக்கரம் மாட்டி, பெரிய டீசல் எஞ்சினை ஏற்றி, கரும்புகை விட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய எஞ்சின் மாற்றமும் என் தந்தையின் எஞ்சின் மாற்றமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். என் கண்ணில் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு பொருத்தம் இருக்கிறது: அவர்களும் என்ன எஞ்சின், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேசுகிறார்கள். என்ன பிரேக் என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

‘இந்தப் பழைய இரும்பைக் கட்டி அழுவானேன்? இப்போதுதான் சாலை வருகிறதே, பிக்கப் வண்டி வருகிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலைகளைப் பற்றியும் பேச்சு எழுந்தது. (மலைக்காரன் என்றதும் என் பையை முகர்ந்து பார்க்கும் வேடிக்கை நண்பர்களைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதுவேன்.) 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டது, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பழைய இடைவெளி இல்லை. என் தந்தை இன்று ஒரு பெட்ரோல் ஜீப்பை வாங்கினால் எஞ்சினை மாற்றவே மாட்டார். ஆக, இந்த வண்டிகள் மெல்ல மெல்ல மறையத்தான் போகின்றன. அதற்குள் அவை எத்தனை வளைவுகளில் இறங்கும்? அதுதான் என் கவலை.

என் எண்ணம் இதுதான். மலை ஒன்றியங்களில், ஏற்கனவே எஞ்சின் மாற்றப்பட்ட பழைய ஜீப்புகளுக்கு ஒரே ஒரு முறை, தண்டனை அச்சமின்றி வந்து சொல்ல ஒரு தவணை கொடுக்கட்டும். அரசு பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் மோட்டார் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பதிவு அதிகாரியும் சேர்ந்து பார்க்கட்டும். எஞ்சினை அல்ல, முதலில் பிரேக்கைப் பார்க்கட்டும். பாரம் ஏற்றி, ஒரு சரிவில் இறக்கி, டிரம்மின் சூட்டை அளக்கட்டும். பெரிய டிரம்மும் இரட்டை வழிச் சிலிண்டரும் இல்லாத வண்டிக்கு முத்திரை கிடையாது. எத்தனை பேர் ஏறலாம் என்று கதவில் எழுதட்டும். தேறாத வண்டியைப் பழைய இரும்புக்கு அனுப்பட்டும். அது என் வீட்டு வண்டியாக இருந்தாலும் சரி. சூட்டை அளக்கும் வேலைக்கு எங்கள் இயற்பியல் துறை மாணவர்கள் வெப்பமானியுடன் வரத் தயார். வகுப்பில் பதினான்கு பேரைக் கேட்டுவிட்டேன், பதினொருவர் சரி என்றார்கள். மேஸ்திரியையும் அழைக்க வேண்டும். ஊசி ஆடாமல் தண்டை நிறுத்தத் தெரிந்தவருக்கு, டிரம் ஏன் சூடாகிறது என்று சொன்னால் புரியாதா? அவருக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

விபத்துக்குப் பின் எங்கள் ஜீப் வீட்டின் அருகே புளியமரத்தடியில் நின்றது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. மாமனாரைப் போல வண்டியைச் சுற்றி வந்துவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது அவர் பிறர் பிக்கப்பைக் கூலிக்கு ஓட்டுகிறார்.

சென்ற பொங்கல் விடுமுறையில், பட்டறையில் கழற்றிக் கிடந்த பதினொரு அங்குல டிரம் நான்கையும் மேஸ்திரி குறைந்த விலைக்குக் கொடுத்தார். எனக்கு விடுமுறையில் கிடைத்த கூலியும் கொஞ்சம் அதில் உண்டு. நானும் அப்பாவும் ஐந்து நாட்கள் மாட்டினோம். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும் வைத்தாயிற்று. களத்துமேட்டின் சரிவில் ஆறு மூட்டை மண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் நான் டிரம்மைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல, அப்பா ஒரு சுள்ளியால் மண்ணில் கோடு போட்டார்.

வண்டி நிற்கிறது. சாலையில் ஓட்டத்தான் தாள் இல்லை. மேற்சொன்னதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘பெறுநர்’ என்று எழுதிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.